எல்லாக் கட்டளைகளும் எல்லாருக்குமா?

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. திடீரென ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒருசேர முடங்கின. உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இதே நிலைதான். இணையத் தாக்குதலாக இருக்குமோ என்று சிலர் ஐயுற்றனர். உண்மை வேறு. பராமரிப்புப் பணியின்போது அந்நிறுவனத்துக்குள்ளேயே இடப்பட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் முதன்மை வலையமைப்பைத் துண்டித்துவிட்டது.

வலையமைப்பு நிர்வாகி விசைப்பலகையில் தட்டும் ஒரு வரிக்கு இவ்வளவு வலிமை உண்டு. ஆகவே, எந்த நிர்வாகி எந்தக் கட்டளையை இயக்கலாம் என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். இதற்கான வழி புதிதன்று. சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர்களில் 0 முதல் 15 வரை அதிகாரப் படிநிலைகள் உள்ளன. 'டக்காக்ஸ் பிளஸ்' என்னும் முறை இன்னும் நுணுக்கமானது. நிர்வாகி தட்டும் ஒவ்வொரு கட்டளையையும் பற்றி ரவுட்டர் முதலில் ஒரு மையக் கணினியிடம் கேட்கும். அது இசைந்தால்தான் கட்டளையை நிறைவேற்றும். இதனால், புதிதாக வேலையில் சேர்ந்தவருக்குக் கருவியின் நிலையைக் காட்டும் 'ஷோ' கட்டளைகளை மட்டும் அனுமதிக்கலாம். கருவியை நிறுத்தி மீண்டும் தொடங்கும் 'ரீலோட்' கட்டளையைத் தடுத்து வைக்கலாம். யார், எப்போது, என்ன தட்டினார் என்பதையும் பதிவுசெய்துகொள்ளலாம்.

"நம்பித்தானே வேலைக்கு எடுத்தீர்கள்? பிறகு ஏன் கையைக் கட்டிப்போடுகிறீர்கள்?" என்று அனுபவம் மிக்க நிர்வாகிகள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றலாம். ஆனால், கட்டுப்பாடு ஐயத்தால் மட்டும் வருவதன்று. 2017 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் அமேசானின் 'எஸ்3' சேமிப்புச் சேவை நான்கு மணி நேரத்துக்கும் மேலாகத் தடுமாறியது. கட்டளையை இட்டவர் அத்துமீறி நுழைந்தவர் அல்லர். உரிய அனுமதி பெற்ற ஊழியர்; எழுதி வைத்த வழிமுறையைப் பின்பற்றியே வேலை செய்தார். சில சர்வர்களை மட்டும் நீக்க எண்ணியவர், ஓர் உள்ளீட்டைத் தவறாகத் தட்டியதால் அதைவிடப் பல சர்வர்கள் நீங்கிவிட்டன. (சேவையின் நிலையை அறிவிக்கும் அமேசானின் பக்கமும் அதே சேவையைச் சார்ந்திருந்ததால், முதலில் அதைக்கூடப் புதுப்பிக்க முடியவில்லை!)

அவருடைய வேலைக்கு அந்தக் கட்டளை தேவை. அதை அடியோடு தடுப்பதில் பொருளில்லை. எனவே, யார் இயக்கலாம் என்பதோடு, எந்த அளவுக்கு இயக்கலாம் என்பதையும் வரையறுக்க வேண்டியிருக்கிறது. அமேசான் பின்னர் அதைத்தான் செய்தது. சர்வர்களை மெதுவாகவே நீக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் மறுக்கும்படியும் அக்கருவியை மாற்றியமைத்தது.

பூட்டைப் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடவும் முடியாது. ஃபேஸ்புக்கிலும் இத்தகைய கட்டளைகளைச் சோதித்துத் தடுக்கும் மென்பொருள் இருந்தது. அதிலிருந்த ஒரு பிழையால் அன்று அது தடுக்கத் தவறியது. அதன்பின் நடந்தது இன்னும் மோசம். வலையமைப்பே செயலிழந்ததால், பொறியாளர்களால் தொலைவிலிருந்து எதையும் சரிசெய்ய முடியவில்லை. தரவு மையத்துக்கு நேரில் சென்றபோது, அயலாரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளே அவர்களையும் தாமதப்படுத்தின. ஆகவே, முழு அதிகாரம் கொண்ட ஒரு கடவுச்சொல் அவசர வேளைக்கென்று பூட்டிய பெட்டியில் இருக்கத்தான் வேண்டும். அதை எடுத்தவரிடம் ஏன் எடுத்தார் என்று மறுநாளே விளக்கம் கேட்கவும் வேண்டும்.

அனுமதிப் பட்டியலை ஒருமுறை தயாரித்துவிட்டு மறந்துவிடும் அலுவலகங்களும் உண்டு. ஊழியர் வேறு பிரிவுக்கு மாறிச் சென்றிருப்பார். அவர் பெயரிலுள்ள 'ரீலோட்' அனுமதி மட்டும் அங்கேயே இருக்கும். அத்தகைய பெயர்களை நீக்குவதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும்.