மப்புன்னா போதை மட்டும்தானா?

"இன்னிக்கு மப்பா இருக்கு"ன்னு சொன்னா பட்டணத்துப் பிள்ளைங்க சிரிக்கிறாங்க. சினிமா காமெடி பார்த்துப் பழகினவங்களுக்கு மப்புன்னா சரக்கு மயக்கம். எங்க வேங்கிக்கால் பக்கம் மப்புன்னா முதல்ல வானம்தான். "மப்பும் மந்தாரமுமா இருக்கு, மல்லாட்டையைப் பிடுங்காதே"ன்னு பெரியவங்க சொல்வாங்க. மல்லாட்டைன்னா நிலக்கடலை.

மப்பு ஒண்ணும் குடிகாரங்க கண்டுபிடிச்ச சொல் இல்லீங்க. கிரிவலத்துக்கு வர்ற ஆந்திரா பக்தர்களைக் கேட்டுப் பாருங்க. தெலுங்கில் மேகத்துக்கே பேர் மப்புதான். 'ப'வை மட்டும் கொஞ்சம் மெலிசா சொல்வாங்க. கன்னடத்திலயும் இதே சொல் உண்டு. மங்கல், மந்தம்னு பொருள். வெளிச்சத்தை மூடுறதுதான் இதுல அடிப்படை. வானத்தை மூடினாலும் மப்பு, புத்தியை மூடினாலும் மப்பு. ரெண்டுல ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கேலி பண்றது என்ன நியாயம்?

சரி, அந்த இடத்துல நீங்க என்ன சொல்றீங்க? "கிளைமேட் சூப்பர்!" கிளைமேட்டுங்கிறது 30 வருஷ சராசரியைப் பார்த்துச் சொல்றது. இன்னிக்கு ஒரு நாள் வானத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? அப்புறம், சூப்பர் யாருக்கு? பிடுங்கிப் போட்ட மல்லாட்டை மூணு நாள் வெயில் காணலேன்னா காயில பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத்துல அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு உண்டாகலாம். அது கல்லீரலைக் கெடுக்கும். நெல்லுலயும் அப்படித்தான். மப்பு, தூறல், ராத்திரிக் குளிர், இலையில ஈரம், எல்லாம் சேர்ந்தா குலைநோய்க்குக் கொண்டாட்டம். உங்களுக்கு பஜ்ஜி சாப்பிடுற நாள், எங்களுக்கு வயலைச் சுத்திச் சுத்தி வர்ற நாள்.

டிவியில "வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்"னு வாசிக்கிறாங்க. தப்பில்லை. ஆனா அது மேலே இருக்கறதை மட்டும்தான் சொல்லுது. மப்புன்னு சொல்றப்போ கீழே இருக்கறதும் தெரியும்: வெயில் ஏறல, களம் காயல, செடியில ஈரம் போகல. ஒரு சொல் கேலிப்பொருளாப் போனா, அதோட சேர்ந்து இந்த எச்சரிக்கையும் போயிடும்.

அதனால ஊர்ல இருந்து அம்மாவோ அப்பாவோ போன்ல "இங்க ரெண்டு நாளா மப்பா இருக்குப்பா"ன்னு சொன்னா சிரிக்காதீங்க. "காயப் போட்டதை அள்ளிட்டீங்களா?"ன்னு கேளுங்க.