கல்லும் எலும்பும்

சென்ற வாரம் சவளக்கடையிலிருந்து ஒரு தாயார் என்னைக் காண வந்திருந்தார். அவருடைய மகன் என் பழைய மாணவன். மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் அவனுடைய கணைக்கால் எலும்பு நொறுங்கிவிட்டது. முறிவின் நடுவே இடைவெளி இருப்பதாகவும், அதனைக் கனிப்பொருள் ஒன்றால் நிரப்பலாம் எனவும் வைத்தியர் கூறினாராம். "சேர், கல்லைப் போட்டால் எலும்பு வளருமா? அது ஹறாமான பிராணியின் எலும்பாக இருந்துவிட்டால்?" என்று அவர் கேட்டார். இரண்டும் கேட்கத்தக்க வினாக்களே. ஆதலால் என் விடையை வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

நம் எலும்பிலேயே கல் இருக்கிறது. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கல்சியம் பொசுபேற்றுச் சேர்ந்த கனிப்பொருள். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். கோழியெலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவிட்டுப் பாருங்கள். கனிப்பொருள் கரைந்து, எலும்பு நார்போல் வளையும். மற்றொன்றை நெருப்பிலிட்டால் நார் எரிந்து, எஞ்சியது தொட்டதும் நொறுங்கும். பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க சோதனை இது.

உயிருள்ள எலும்பு ஓயாது தன்னைத் தானே அரித்துப் புதுப்பித்துக்கொள்கிறது. சிறு முறிவு தானே கூடுவதும் இதனாலேதான். இடைவெளி பெரிதாயின் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து வைப்பதே நெடுங்கால வழக்கம். இன்றும் அதுவே சிறந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் எடுக்கக்கூடிய அளவு குறைவு. இன்னொரு புண்ணும் உண்டாகும்.

இதற்கு மாற்றுத் தேடியோர் பலர். 1892இல் ஜெர்மானிய வைத்தியர் டிரீஸ்மன் எலும்புக் குழிகளைப் பாரிசுச் சாந்தினால் நிரப்பினார். அச்சாந்தோ சில வாரங்களிலேயே கரைந்துவிடும். எலும்பு வளர்வதற்கு அவ்வளவு காலம் போதாது. 1969இல் அமெரிக்கப் பேராசிரியர் லாரி ஹென்ச் ஒரு புதுவகைக் கண்ணாடியை ஆக்கினார். அதில் சிலிக்கா 45 விழுக்காடு. சோடியம் ஒட்சைட்டும் கல்சியம் ஒட்சைட்டும் தலைக்கு 24.5, பொசுபரசு ஒட்சைட்டு 6. உடல்நீர் பட்டதும் அதன் மேற்பரப்பில் எலும்பின் கனிப்பொருளை ஒத்த ஒரு படலம் உண்டாகி, எலும்போடு பிணைந்துவிடுகிறது!

ஆக, இத்தகைய பொருள் கரையவும் வேண்டும். விரைந்து கரையவும் கூடாது. ஐதரொட்சி அப்பதைற்று பல்லாண்டு நிலைக்கும். முக்கல்சியம் பொசுபேற்று அதனினும் விரைவில் மறையும். இவ்விரண்டையும் வேண்டிய அளவிற் கலந்து கரையும் வேகத்தை அமைக்கிறார்கள். அதில் நுண்துளைகளும் வேண்டும். எலும்பு மச்சையில் எலும்பாக வளரவல்ல மூலக்கலங்கள் உண்டென்பதை 1966இல் சோவியத் ஆய்வாளர் பிரீடன்ஸ்டைன் காட்டினார். அக்கலங்கள் துளைகளிற் குடியேறி, பந்தலிற் படரும் கொடிபோல் வளர்கின்றன. கல் எலும்பாக மாறுவதில்லை. எலும்பு வளர இடங்கொடுத்து, மெல்ல விலகுகிறது.

அண்டை நாட்டில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இவ்வகை நிரப்பிகளை ஆக்கியிருக்கிறது. நம் நாட்டிலும் மூலப்பொருள் இல்லாமலில்லை. 1971இல் எப்பாவலவிற் கண்டறியப்பட்ட அப்பதைற்றுப் படிவு நம் எலும்புக் கனிப்பொருளின் உறவினமே. அது நீரில் எளிதிற் கரையாமையால் நெல்லுக்கு அவ்வளவு உதவாது. தேயிலை, தென்னை முதலியவற்றுக்கே உரமாகிறது. அதிலிருந்து மருத்துவத்துக்கேற்ற தூய பொருளைப் பிரிப்பது பற்றியும் நம் ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர்.

அத்தாயாரின் இரண்டாம் வினாவுக்கு வருவோம். மாட்டெலும்பு, பன்றியெலும்பு ஆகியவற்றிலிருந்து செய்யப்படும் நிரப்பிகளும் உண்டு. முற்றிலும் செயற்கையாக ஆக்கப்படுவனவும் உண்டு. எது இடப்படவிருக்கிறது என முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒன்றை மறத்தலாகாது. இக்கனிப்பொருள் பளுவைத் தாங்காது. எலும்பு கூடும்வரை தகடோ கம்பியோ தாங்கவேண்டும். கிருமி பற்றிய புண்ணை முதலில் ஆற்றவேண்டும். புகைபிடிப்போருக்கு எலும்பு கூடத் தாமதமாகும்.

நான் கூறியவற்றைக் கேட்ட தாயார், வைத்தியரிடம் கேட்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தரச்சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டே, "சிகரெட்டை மட்டும் எழுதவேண்டாம், சேர், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.