மலையேறும் கரும்புகை

தாப்பா பாதையில் ஏறும் லாரி எதுவும் ரிங்லெட்டைத் தாண்டித்தான் தானா ராத்தா போயாக வேண்டும். பாரத்துடன் கீழ்க் கியரில் முக்கி ஏறும் பழைய லாரி கக்கும் புகை, சாலையோரம் குடியிருக்கும் நம் மக்களின் நெஞ்சுக்குள் போகிறது. ரப்பர்த் தோட்டத்துப் பால் லாரியை மட்டும் கண்டவர்கள் இந்த ஏற்றத்தில் ஒருநாள் நின்று பார்க்கட்டும்!

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்துவிட்டது. எண்ணெய் மட்டமானது என்று லாரி முதலாளிகள் முன்பு சாக்குச் சொல்ல இடமிருந்தது. பத்து லட்சத்தில் 500 பங்குவரை கந்தகம் கலந்திருந்த டீசல் போய், 10 பங்குக்கு மிகாத யூரோ 5 டீசல் 2021 ஏப்ரலில் கட்டாயமாயிற்று. எண்ணெய் சுத்தமாகிவிட்டது, தேய்ந்த எஞ்சின் மட்டும் அப்படியே இருக்கிறது.

1996-ஆம் ஆண்டு விதிகள் புகையின் கருமைக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று வரம்பு கட்டியுள்ளன. சோதனைக் கூடத்தில் தேறிய லாரி ஏற்றத்தில் எப்படிப் புகைக்கிறது என்று பார்க்க வேண்டாமா? சுற்றுச்சூழல் இலாகா ரிங்லெட் சாலையிலேயே லாரிகளை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அபராதம் டிரைவர் தலையில் விழக்கூடாது. எஞ்சினைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்க வேண்டியவர் உரிமையாளர். கூலிக்கு ஓட்டுபவர் என்ன செய்வார்?

கொழுந்து ஏற்ற நிற்கும் லாரி எஞ்சினை நிறுத்திவிட்டு நிற்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், காசும் செலவில்லை. தோட்டக் கமிட்டிகள் நாளைப் பிரட்டிலேயே நிர்வாகத்திடம் கேட்கலாம்.