வாயுவா வளிமமா என்பது இருக்கட்டும், 'தனி' எங்கே?

'வாயு' வடசொல், 'வளிமம்' தமிழ்ச்சொல் என்னும் பூசல் நம் ஆய்வுலகில் ஓய்ந்தபாடில்லை. இரு தரப்பாரும் மேற்கோளாக எடுத்தாள்வது சார்லசு விதியை: "மாறா அழுத்தத்தில் வாயுவின் பருமன் அதன் வெப்பநிலைக்கு நேர்த்தகவில் அமையும்." இதில் வாயுவை நீக்கி வளிமத்தை வைத்தாலும் வாக்கியம் பிழையே. 'வெப்பநிலை' என்பதற்கு முன் நிற்கவேண்டிய 'தனி' என்னும் ஈரெழுத்துச் சொல் அங்கே இல்லை.

ஓசூரில் தமிழ்வழியில் பயிலும் சிறுமி ஒருத்தி விடுமுறைக்குக் காக்ஸ் டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். 27 பாகை செல்சியசிலுள்ள வாயு, மாறா அழுத்தத்தில் இருமடங்காக எவ்வளவு சூடேறவேண்டும் என்று கேட்டேன். "54" என்றாள். மனப்பாடம் செய்த வாக்கியத்திலிருந்து அவள் பிழையின்றி வருவித்த பிழையான விடை அது. 27 பாகை என்பது ஏறத்தாழ 300 கெல்வின். இருமடங்காக 600 கெல்வின், அதாவது 327 பாகை வேண்டும். 54 பாகையில் பருமன் 9 விழுக்காடே கூடியிருக்கும்.

மொழியியலார் கவனிக்கவேண்டியது இதுதான். 'வெப்பநிலை ஏற ஏறப் பருமன் கூடும்' என்னும் அடுக்குத்தொடர் எந்த அளவுகோலிலும் மெய். 'நேர்த்தகவு' அப்படியன்று, இரு அளவுகளின் தகவும் மாறாதிருக்கவேண்டும் என்கிறது. சுழியை −273.15 பாகையில் வைத்த அளவுகோலில்தான் அச்சொல்லுக்கு இடம் உண்டு. சார்லசு வெளியிடாது விட்ட ஆய்வைச் சுட்டி 1802இல் கே-லுசாக் வெளியிட்ட முடிவும், வெப்பநிலை ஒரே அளவு உயர்ந்தால் வளிமங்கள் யாவும் ஒரே விகிதத்தில் விரியும் என்பதே.

'பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதாதா?' என்பர். போதாது. எளிமைப்படுத்துவது வேறு, பொய்யைச் சொல்லித் தருவது வேறு. ஆங்கில நூல்கள் சிலவற்றிலும் இவ்விடுபாடு உண்டு. அது நமக்கு ஆறுதலாகாது. 'தமிழில் அறிவியல் இயலாது' என்று காத்திருப்போருக்கும் இதில் கொண்டாட ஏதுமில்லை. 1875இலேயே கிறீன் 'கெமிஸ்தம்' தந்த மொழி இது. 'தனிவெப்பநிலை' இங்கும் ஈழத்திலும் புழங்கும் சொல்தான். அங்கே அழுத்தம் 'அமுக்கம்', பருமன் 'கனவளவு'; அந்த வேறுபாட்டால் எவர் கணக்கும் பிழைத்ததில்லை.

கலைச்சொற் குழுக்களில் இருப்போர் வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்: "மாறா அழுத்தத்தில், குறித்த நிறையுள்ள வாயுவின் பருமன் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்த்தகவில் இருக்கும்." வாயுவை வளிமமாக்க விரும்புவோர் ஆக்கிக்கொள்ளட்டும். 'தனி'யில் மட்டும் கைவைக்கவேண்டா.