டேங்க் கேம் இல்லாத லிஸ்ட் என்ன லிஸ்ட்?

டைம் பத்திரிகை 2016-ல் உலகின் தலைசிறந்த 50 வீடியோ கேம்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. முதலிடம் டெட்ரிஸ். ஐஜிஎன் தளம் 2021 முடிகிற நேரத்தில் 100 கேம்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் 'செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்'. 2025-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய கேம் எது என்று மக்களிடமே கேட்டது. ஜெயித்தது 1999-ல் வந்த 'ஷென்மூ'.

மூணு லிஸ்ட், மூணு முதலிடம். ஷென்மூ வந்த ட்ரீம்காஸ்ட் மெஷினை நம்ம காலேஜில் நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்க. கடலூர், சிதம்பரம் ரெண்டு ஊரையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒண்ணு கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த லிஸ்டெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. போட்டவர்கள் அவர்கள் வீட்டு ஹாலில் என்ன இருந்ததோ அதிலிருந்து போட்டார்கள். அதை அப்படியே ஷேர் பண்ணிட்டு, "வைஸ் சிட்டியை ஏன்டா இவ்ளோ கீழே போட்டான்?" என்று நாம் ராத்திரி முழுக்க அடிச்சுக்கிறோம் பாருங்க, அதுதான் வேஸ்ட். எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அமெரிக்கா போகாத கேசட்

மஞ்சள் டாங்கி ஒண்ணு, பச்சை டாங்கி ஒண்ணு. கீழே நடுவில் செங்கல் சுவர் கட்டிய கோட்டை, அதுக்குள்ள ஒரு கழுகு. மேலேயிருந்து லெவலுக்கு 20 எதிரி டாங்கிகள் வரும். நாம் "டேங்க் கேம்" என்று சொல்கிற இதன் பெயர் 'பேட்டில் சிட்டி'. ஜப்பானின் நாம்கோ கம்பெனி 1985-ல் ஃபேமிகாம் மெஷினுக்காகச் செய்தது.

அந்த ஃபேமிகாம்தான் அமெரிக்காவில் நின்டென்டோ என்இஎஸ் என்ற பெயரில் விற்றது. ஆனால் பேட்டில் சிட்டி கேசட் அமெரிக்கக் கடைகளுக்குப் போகவே இல்லை. நமக்கு மட்டும் எப்படி வந்தது? ஃபேமிகாமைக் காப்பியடித்த மலிவு 'டிவி கேம்' பெட்டிகள் வழியாக. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். உள்ளே போனால் இருபது முப்பதுதான் திரும்பத் திரும்ப வரும். அந்த இருபதில் டேங்க் கேம் கட்டாயம் இருக்கும். ரஷ்யா, சீனா பையன்களுக்கும் இதே கதைதான்.

நேர்மாறாக, அமெரிக்கப் பட்டியல்களில் உச்சியில் வரும் பழைய செல்டா நம்ம பெட்டிகளுக்கு ஏன் வரவில்லை? அது ரொம்ப நீளமான கேம். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர, விளையாட்டைச் சேமிக்க வேண்டும். அதற்காக அந்த கேசட்டுக்குள் ஒரு பேட்டரி வைத்திருந்தார்கள். நம்ம மலிவு கேசட்டில் பேட்டரிக்கு எங்கே போறது? அதனால் அரை மணி நேரத்தில் ஆடி முடிக்கிற, கரண்ட் போனாலும் பெரிய நஷ்டமில்லாத சின்ன கேம்களே நம்மிடம் வந்து சேர்ந்தன.

நமக்கு எது வந்தது, எது வரவில்லை என்பதை ரசனை தீர்மானிக்கவில்லை. ஒரு பேட்டரியின் விலை தீர்மானித்திருக்கிறது. பிறகு அதே ரசனையின் பெயரில் 'உலகப் பட்டியல்' வருகிறது. அதைத்தான் கேள்வி கேட்கணும் என்கிறேன்.

அப்போ அளவுகோல் என்ன?

அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் 'தி ஸ்ட்ராங்' என்று விளையாட்டுக்கான மியூசியம் ஒன்று இருக்கிறது. 2015-லிருந்து வருஷா வருஷம் சில வீடியோ கேம்களை அங்கே கௌரவப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவர்கள் அளவுகோலை வெளியில் சொல்லிவிடுகிறார்கள்: எல்லாருக்கும் அடையாளம் தெரியணும், காலம் தாண்டி நிற்கணும், பல நாடுகளுக்குப் போயிருக்கணும், பின்னால் வந்தவற்றைப் பாதித்திருக்கணும். அதனால்தான் விண்டோஸில் சும்மா கூடவே வந்த சாலிட்டேர் சீட்டாட்டத்துக்கு 2019-ல் அங்கே இடம் கிடைத்தது. எந்தத் தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஓடியிருக்கக்கூடிய கேம் அது! அளவுகோல் நேர்மையாக இருந்தால் பட்டியலும் நேர்மையாக வரும் என்பதற்கு இதுவே சாட்சி.

அதே மாதிரி என் அளவுகோலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: சாதாரண வீட்டில், சாதாரண ஹாஸ்டலில் இருக்கிற மெஷினில் ஓடணும்.

இரண்டு: காசு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் களம் ஒன்றாக இருக்கணும். பணம் கட்டினால் பலம் கூடக்கூடாது.

மூன்று: அதுவரைக்கும் இல்லாத ஏதோ ஒன்றை நமக்குக் காட்டியிருக்கணும், அல்லது செய்ய வைத்திருக்கணும்.

"எனக்குப் பிடிக்கும்" என்பது இதில் இல்லை. சின்ன வயசு ஞாபகமும் இல்லை. ஞாபகத்துக்கு மார்க் போட ஆரம்பித்தால் அவனவன் ஸ்கூல் டைமில் ஆடியதெல்லாம் முதலிடம்தான்.

உள்ளே வருபவை

பேட்டில் சிட்டி. ரெண்டு பேர் ஒரே பக்கம் நின்று காவல் காக்கிற விளையாட்டு. கூட்டாளி குண்டு உங்கள் மேல் பட்டால் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பீர்கள். அவசரத்தில் சுட்டால் சொந்தக் கழுகையே கொன்றுவிடலாம். எதிரி பாதி, கூட்டாளி பாதி. அதைவிட முக்கியம், 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பகுதி. சுவர், தண்ணீர், காடு எல்லாவற்றையும் நீங்களே வைத்து உங்கள் களத்தை நீங்களே கட்டலாம். லெவல் டிசைன் என்ற வார்த்தையைக் கேள்விப்படுவதற்கு முன்பே நம்மில் பல பேர் அதைச் செய்து பார்த்த இடம் இது.

டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. நமக்கு 'பிரிக் கேம்' ஆக, ரெண்டு பென்சில் செல் போட்ட பிளாஸ்டிக் பெட்டியாக, திருவிழாக் கடையில் கிடைத்தது. கலர் இல்லை, கதை இல்லை, மொழி இல்லை. எல்லாவற்றையும் உரித்து எடுத்த பிறகும் நிற்கிற கேம்.

ஸ்னேக். 1997-ல் நோக்கியா 6110-ல் வந்தது. நம்மூரில் நோக்கியா 1100 வழியாக வீடு வீடாகப் போனது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஃபேக்டரியே ஓடியது. அப்பா போனை வாங்கி கேம் ஆடுகிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே இந்தப் பாம்புதான். கேம் ஆடத் தனியாக ஒரு மெஷின் வேண்டாம் என்று முதலில் காட்டியது என்ற ஒரு காரணமே போதும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6. இதுக்குச் சண்டை போட நான் ரெடி. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அந்த கவர்மென்ட் லேப்டாப்பில் ஓடிய ராஜா இதுதான். ஒரு சுவிட்ச், நாலு கேபிள் இருந்தால் போதும், ரூமுக்கு ரூம் போர். இன்டர்நெட்டே தேவையில்லை. ரவுண்டு ஜெயித்தால் பணம், அந்தப் பணத்தில் துப்பாக்கி. ஆனால் அது விளையாட்டுக்குள் சம்பாதித்த பணம். உங்கள் ஜிபே அங்கே செல்லாது.

ஜிடிஏ வைஸ் சிட்டி. 2002-ல் வந்தது. மிஷனை முழுசா முடித்தவர்களை நம்ம பக்கம் விரல் விட்டு எண்ணலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோட் எழுதி வைத்திருந்தவர்களோ எக்கச்சக்கம். 'இது விளையாடுற முறையே இல்லையே' என்பார்கள் சிலர். நான் மாற்றிச் சொல்கிறேன். கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுமனே பைக்கில் ஊர் சுற்ற ஒரு கேம் இடம் கொடுக்கிறது, அதுவும் மாதக்கணக்கில் அலுக்காமல் என்றால், அந்த நகரத்தைக் கட்டியவனுக்குத்தான் அந்தப் பெருமை.

பப்ஜி மொபைல். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி தடையான 118 ஆப்களில் ஒன்றாகப் போனது, 2021-ல் பிஜிஎம்ஐ என்று திரும்பியது, 2022-ல் கடைகளிலிருந்து காணாமல் போனது, 2023-ல் மறுபடி வந்தது. இத்தனை தடவை செத்துப் பிழைத்த கேம் வேறு இல்லை. நூறு பேர், சுருங்குகிற வட்டம், நாலு பேர் பேசிக்கொண்டே போடுகிற திட்டம். இதெல்லாம் கைக்குள் வந்தது. சட்டை மினுக்கலாம், துப்பாக்கி பளபளக்கலாம், ஆனால் குண்டின் அடி எல்லாருக்கும் ஒன்றுதான்.

வெளியே நிற்பவை

இப்போ கல்லெறியத் தயாராகுங்க. ஃப்ரீ ஃபயர் என் பட்டியலில் இல்லை.

முதல் அளவுகோலில் அது பப்ஜியையே தோற்கடிக்கும். பப்ஜி ஓடாத குறைந்த ரேம் போனிலும் ஓடியது. ஐம்பது பேர், பத்து நிமிஷ மேட்ச். கடலூரில் பஸ் ஏறினால் ஆலப்பாக்கம் வருவதற்குள் ரெண்டு மேட்ச் முடிக்கலாம். "பெரிய போன் வாங்க முடியாதவன் விளையாடினதைக் கீழ்த்தரம்னு சொல்றீங்களா?" என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. பப்ஜி பையன்கள் ஃப்ரீ ஃபயர் பையன்களைக் கிண்டல் பண்ணியதில் பாதி, போன் விலையை வைத்துப் பண்ணிய கிண்டல்தான்.

அது விழுவது ரெண்டாவது அளவுகோலில். அங்கே துப்பாக்கி ஸ்கின் வெறும் அலங்காரமில்லை. சில ஸ்கின் போட்டால் அடி கூடும், வேகம் கூடும். டைமண்ட் வாங்கினால் பலம் வாங்கலாம். காசில்லாதவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, காசுள்ளவனுக்கு வேறு துப்பாக்கி கொடுத்தால் அது என்ன நியாயம்? ஏழைப் பையனுக்கான கேம் என்று சொல்வதாலேயே இந்தத் தப்பு இன்னும் பெரிசாகத் தெரிகிறது.

கேண்டி கிரஷ்ஷும் அதே காரணத்தால் வெளியே. லைஃப் தீர்ந்தால் காத்திரு, இல்லையா காசு கொடு. லூடோ கிங் 2020 லாக்டவுனில் வீட்டையே ஒரு போனைச் சுற்றி உட்கார வைத்தது உண்மை. ஆனால் நம்ம பாட்டிகள் தாயக்கட்டம் வரைந்து ஆடாத எதை அது புதுசாக் காட்டியது? மூன்றாவதில் ஃபெயில்.

வெண்பாவுக்கு என்ன மார்க்?

'வெண்பா' 2023-ல் வந்தது. டொரன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு, அதில் அழிந்துபோன வரிகளை நாமே யோசித்துச் சமைக்கணும். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் பெரிய பரிசும் அதற்குத்தான்.

"தமிழ் கேம், அதனால் முதல் பத்தில் போடு" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வெண்பாவுக்கு அவமரியாதை. அது உள்ளே வருவது மூன்றாவது அளவுகோலால். முதல் லெவலிலேயே இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதுதான் புதிர். நம்ம வீட்டு அடுப்படியில் தினமும் நடக்கிற ஒன்றை கேமின் விதியாக மாற்ற முடியும் என்று அது காட்டிவிட்டது. வாளும் துப்பாக்கியும் இல்லாமல். முடிக்க ஒரு சினிமா நேரம்கூட ஆகாது, சாதாரண லேப்டாப் போதும். அப்படியும் நம்மில் எத்தனை பேர் ஆடியிருக்கிறோம்?

இதெல்லாம் எதுக்கு?

ஏனென்றால் வீட்டில் 'கேம்' என்ற வார்த்தையைச் சொன்னாலே முகம் மாறுகிறது. அவர்கள் பேப்பரில் படித்த கேம் ஆன்லைன் ரம்மி. கடனும் தற்கொலையும்தான் அந்தச் செய்திகளில் இருந்தன. தமிழக அரசு சட்டம் போட்டது, கோர்ட்டுக்குப் போனது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் கேம்களைத் தடை செய்தது. அந்தச் சட்டம் மணி கேம் வேறு, இ-ஸ்போர்ட்ஸ் வேறு, பொழுதுபோக்கு கேம் வேறு என்று பிரித்துப் பேசுகிறது. சட்டத்துக்கே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் நம்ம அப்பாவுக்கு அந்த வித்தியாசத்தை விளக்க நம்மால் முடிகிறதா? "எல்லாரும் ஆடறாங்கப்பா" என்பதைத் தாண்டி ஒரு வரி நம்மிடம் இருக்கிறதா?

ஒரு கேம் ஏன் நல்லது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவனுக்குத்தான், எது பணம் பிடுங்கும் பொறி என்பதும் தெரியும். கோடிங் தெரிந்த நாம் நாளைக்கு ஒரு கேம் செய்ய உட்கார்ந்தால், கோடிக்கணக்கில் செலவழித்த கேமைப் பார்த்து மலைத்து நிற்காமல், ஒரு கழுகையும் நாலு செங்கலையும் வைத்து எவ்வளவு செய்யலாம் என்று யோசிக்கவும் அந்தக் காரணங்கள்தான் உதவும்.

கடைசியாக ரெண்டு கோரிக்கை. அடுத்த சிம்போசியத்தில் கேமிங் ஈவென்ட் என்றால் வழக்கம்போல பிஜிஎம்ஐ மட்டும் போடாதீங்க. ஓரமாக ஒரு லேப்டாப், ரெண்டு கன்ட்ரோலர் வைத்து, ஜோடி ஜோடியாக டேங்க் கேம் போட்டி ஒண்ணு நடத்துங்க. ஃபைனலில் சொந்தக் கழுகைச் சுடுகிற ஜோடியைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

இரண்டாவது, இந்தப் பட்டியலோடு ஒத்துப்போகாதவர்கள் எழுதி அனுப்புங்க. அஞ்சு கேம் போதும். வெறும் பெயரை மட்டும் அனுப்பாமல், உங்கள் அளவுகோலை முதல் வரியிலேயே எழுதுங்க. ஃப்ரீ ஃபயர் கட்சிக்காரர்களுக்கு ஒரு பக்கம் கூடுதலாகவே ஒதுக்கச் சொல்லி ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.