நம்பர் 1 இளம் வீரரையே திருப்பி அனுப்பிய ஓரியோல்ஸ்... பேஸ்பால் மைனர் லீக் தரவரிசையை எவ்வளவு நம்பலாம்?

2024 ஏப்ரல் 10. அமெரிக்க பேஸ்பாலின் நம்பர் 1 இளம் வீரர் என்று கொண்டாடப்பட்ட ஜாக்சன் ஹாலிடே, பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் முதன்முறையாக களமிறங்கினார். வயது 20. 10 ஆட்டங்களில் 34 முறை பேட் பிடித்து அவர் அடித்தது வெறும் 2 ஹிட். 18 முறை ஸ்ட்ரைக் அவுட். அந்த மாதம் முடிவதற்குள் அவரை மைனர் லீக்குக்கே திருப்பி அனுப்பியது அணி நிர்வாகம்.

அப்போ, நம்பர் 1 என்ற கணிப்பே தப்பா? அவ்வளவு சுலபமாக சொல்லிவிட முடியாது. ஏன் என்று பார்க்கலாம்.

மைனர் லீக் என்றால் என்ன?

மேஜர் லீக்கில் மொத்தம் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என நான்கு நிலைகளில் இணைப்பு அணிகள் உள்ளன. டிராஃப்ட்டில் தேர்வாகும் இளைஞர்கள் பெரும்பாலும் இந்தப் படிகளில் ஏறித்தான் மேலே வர வேண்டும். இந்த அமைப்பை அமெரிக்கர்கள் ‘ஃபார்ம்’ என்கிறார்கள். நம்ம ஊர் பாஷையில் நாற்றங்கால்.

மதிப்பெண் போடுவது எப்படி?

ஸ்கவுட்கள் பயன்படுத்துவது 20 முதல் 80 வரையிலான அளவுகோல். பந்தை அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்ட வேகம், ஃபீல்டிங், எறியும் கை என ஐந்துக்கும் தனித்தனி மார்க். இதில் 50 என்பது ஜஸ்ட் பாஸ் கிடையாது. மேஜர் லீக் வீரர்களின் சராசரிக்கு இணையானவர் என்று அர்த்தம். 80 வாங்குபவர்கள் மிக அபூர்வம்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஒரே திறனுக்கு இரண்டு மார்க் உண்டு. ஒன்று இன்றைய நிலை, மற்றொன்று எதிர்காலத்தில் எட்டக்கூடிய நிலை. இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் ரிஸ்க்கும் அதிகம்.

வயதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டபுள் ஏ-வில் 20 வயதுப் பையன் அடிக்கும் ஹோம் ரன்னும், 25 வயதுக்காரர் அடிக்கும் ஹோம் ரன்னும் ஸ்கோர்போர்டில் ஒன்றுதான். ஸ்கவுட் நோட்டில் அப்படி இல்லை. தன்னைவிட மூத்த பிட்சர்களை சமாளிக்கும் சின்னப் பையனுக்கே மதிப்பு அதிகம்.

தோற்றுத் தோற்று சேர்த்த திறமை

ஓரியோல்ஸ் 2018-ல் 115 ஆட்டங்களிலும், 2019-ல் 108 ஆட்டங்களிலும், 2021-ல் 110 ஆட்டங்களிலும் தோற்றது. அப்போதைய விதிப்படி, மோசமாகத் தோற்ற அணிக்கு டிராஃப்ட்டில் முதல் வாய்ப்பு கிடைத்தது. அப்படிக் கிடைத்தவர்கள்தான் 2019-ல் அட்லி ரட்ச்மேன், 2022-ல் ஹாலிடே. 2019-ன் இரண்டாவது சுற்றில் எடுக்கப்பட்ட கன்னர் ஹெண்டர்சன், 2023-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த அறிமுக வீரர் விருதை வென்றார். அந்த ஆண்டு அணிக்கு 101 வெற்றிகள்!

ஆனால் பிளேஆஃபில்? 2023-ல் டெக்சாஸிடம் 0-3, 2024-ல் கன்சாஸ் சிட்டியிடம் 0-2. 2025-ல் 75 வெற்றி, 87 தோல்வி. நடுவிலேயே மேனேஜர் பிராண்டன் ஹைட் நீக்கப்பட்டார்.

எங்கே இடித்தது?

2019 முதல் 2024 வரை முதல் சுற்றின் ரெகுலர் வாய்ப்புகளில் இந்த அணி எடுத்த அத்தனை பேரும் பேட்டர்கள். இதற்கு காரணமும் இருந்தது. பிட்சர்களுக்கு முழங்கை, தோள்பட்டை காயங்கள் சகஜம் என்பதால் அவர்களை நம்பி முதலீடு செய்வது கஷ்டம். அதனால் பேட்டர்களை வளர்த்து, பிட்சர்களை டிரேடில் வாங்கலாம் என்ற கணக்கு.

2024 பிப்ரவரியில் ஜோயி ஓர்டிஸ், டி.எல்.ஹால் ஆகியோருடன் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் மில்வாக்கிக்கு கொடுத்து கார்பின் பர்ன்ஸை வாங்கியது. அவர் ஒரே சீசன் நன்றாக ஆடிவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் அரிசோனாவுக்குப் போய்விட்டார். 2025-ல் பிட்சிங் பஞ்சம் பளிச்சென்று தெரிந்தது.

அதே 2024 ஜூலையில் கைல் ஸ்டவர்ஸ், கானர் நார்பி ஆகியோரை மயாமிக்கு கொடுத்து பிட்சர் டிரெவர் ராஜர்ஸை வாங்கியது. அவர் சொதப்ப, ஆகஸ்டிலேயே டிரிபிள் ஏ-வுக்கு இறக்கப்பட்டார். ‘ஏமாந்துட்டாங்க’ என்றுதான் பேச்சு. ஆனால் 2025-ல் ஸ்டவர்ஸ் ஆல்-ஸ்டார் ஆனார். ராஜர்ஸும் 1.81 ஈ.ஆர்.ஏ-வுடன் அசத்தினார். முதல் சில மாதங்களை வைத்து தீர்ப்பு எழுதியவர்கள் இரண்டு பேர் விஷயத்திலும் அவசரப்பட்டார்கள்.

வீரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

வாழ்க்கையே இருக்கிறது. 2023 ஒப்பந்தப்படி டிரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு சம்பளம் 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீக்கில் அது 7,20,000 டாலர். ஒரே ஒரு படிதான், ஆனால் 20 மடங்கு வித்தியாசம்.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் ஞாபகம் இருக்கிறதா? அதன் நிஜ நாயகர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இருவருமே மேஜர் லீக் வரை போகவில்லை. மைனர் லீக்கில் நுழையும் பெரும்பாலானோர் கதை இதுதான்.

தரவரிசையை எப்படி படிக்கணும்?

அடுத்த முறை ‘டாப் 100’ பட்டியலைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வயதுக்கு இவர் எந்த நிலையில் ஆடுகிறார்? அதிகம் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறாரா? அணியின் நாற்றங்காலில் பிட்சர்களும் இருக்கிறார்களா?

மறக்கக் கூடாத ஒன்று: பட்டியல் சொல்வது ஒரு வீரர் எவ்வளவு உயரம் போக வாய்ப்பிருக்கிறது என்பதை மட்டும்தான். எப்போது போவார் என்று அது சொல்லாது. ஹாலிடேவையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் மைனர் லீக்கில் இருந்துவிட்டு 2024 ஜூலை 31-ல் திரும்பி வந்தவர், அன்றைய ஆட்டத்திலேயே கிராண்ட் ஸ்லாம் அடித்தார். ஏப்ரலில் அவரைக் கைகழுவியவர்கள் அதற்குள் வேறு பெயருக்குத் தாவியிருந்தார்கள்.