நாலு பேர், ஒரு தெப்பம்

பொலிவியாவின் லா பாஸ் நகரத் தெருவில் ஒரு வெளிநாட்டுக்காரர் வலிய வந்து பேச்சுக் கொடுக்கிறார். பெயர் கார்ல். ஆஸ்திரியாக்காரர். நிலவியல் படித்தவர் என்று சொல்லிக்கொள்கிறார். அமேசான் காட்டுக்குள்ளே, வெளியாட்கள் கால் வைக்காத பகுதியில் ஒரு பழங்குடி கிராமம் இருக்கிறதாம். அங்கே தங்கமும் கிடைக்குமாம். தனக்கு வழி தெரியும், கூட வருகிறாயா என்கிறார்.

இது நடந்தது 1981-ல். கேட்டுக்கொண்டிருந்தவர் யோசி கின்ஸ்பெர்க் என்ற 22 வயது இஸ்ரேல் இளைஞர். கடற்படையில் கட்டாய சேவையை முடித்துவிட்டு, முதுகில் ஒரு பையோடு தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியவர். அவரைக் கிளப்பிவிட்டது ஹென்றி ஷாரியர் எழுதிய ஒரு புத்தகம். ரா.கி.ரங்கராஜன் தமிழில் 'பட்டாம்பூச்சி' என்று கொடுத்து, நம் வாசகர்களைத் தூங்கவிடாமல் அடித்தாரே, அதே புத்தகம்தான்!

அப்படிப்பட்ட பையனிடம் தங்கம், காடு என்று ஒருவர் ஆரம்பித்தால் என்ன ஆகும்? யோசி தலையாட்டியதோடு நிற்கவில்லை. பயணத்தில் நண்பர்களான இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார். ஒருவர் மார்கஸ், சுவிட்சர்லாந்து ஆசிரியர், மென்மையான சுபாவம். இன்னொருவர் கெவின், அமெரிக்க புகைப்படக்காரர், மலை, காடு என்று சுற்றிப் பழகிய திடகாத்திரமான ஆள். கார்லுக்கு உண்மையிலேயே வழி தெரியுமா என்று யாரும் வேறு எங்கும் விசாரிக்கவில்லை.

அபோலோ என்ற ஊர் வரை சிறு விமானம். பிறகு நடை. முதல் சில நாட்கள் உற்சாகமாகவே போயின. கார்ல் நன்றாக வேட்டையாடினார், சமைத்தார், காட்டைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார். கொண்டுபோன சாப்பாடு குறையக் குறைய, குரங்கைச் சுட்டுச் சமைக்கும் நிலை வந்தது. மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மார்கஸால் முடியவில்லை.

அதற்குள் அவருடைய பாதங்களும் கெட ஆரம்பித்திருந்தன. நாள் கணக்கில் ஈரத்திலேயே கால் ஊறினால் ரத்த ஓட்டம் குறைந்து, தோல் வெளுத்து, உரிந்து புண்ணாகிவிடும். முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்ற சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் படுக்க வைத்த தொல்லை இது. நம் ஊரில் நடவு வயலில் நின்றவர்களுக்குச் சேற்றுப்புண் தெரியும். இது அதைவிட மோசம். காலை உலர்த்தி, ஓய்வு கொடுப்பதுதான் முக்கியமான வைத்தியம். மழைக்காட்டில் அதற்கு எங்கே போவது?

இந்தக் கதையில் மனதை உறுத்தும் பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஜாகுவார், வெள்ளம், நீர்வீழ்ச்சி எல்லாம் பின்னால் வருகின்றன. ஆனால் ஒரு குழுவில் ஒருவர் நடக்க முடியாமல் பின்தங்கும்போது மற்றவர்கள் முகத்தில் தெரியும் எரிச்சல் இருக்கிறதே, அதை எந்த மிருகத்தோடும் ஒப்பிட முடியாது. குடும்பத்தோடு கோயில் மலை ஏறியவர்களுக்கே அதன் சிறு சாயல் தெரிந்திருக்கும். மார்கஸ் சுமையாகத் தெரிய ஆரம்பித்தார். அவருக்கும் அது புரிந்தது. யோசி இதைப் பிற்பாடு தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

தங்கமும் கிராமமும் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து, துயிச்சி ஆற்றங்கரையில் பால்சா மரங்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்தார்கள். நடக்க முடியாதவரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு போய்விடலாம் என்பது யோசனை. தெப்பம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. வழிகாட்டிக்கு நீச்சல் தெரியாது! யார் சொல்கிறபடி துடுப்புப் போடுவது என்று கெவினுக்கும் கார்லுக்கும் முட்டிக்கொண்டது. முன்னால் சான் பெட்ரோ என்ற ஆபத்தான மலையிடுக்கு இருக்கிறது, அதில் தெப்பம் போகாது, கரையேறி நடக்கலாம் என்றார் கார்ல்.

குழு இரண்டாக உடைந்தது. கெவினும் யோசியும் ஆற்று வழி. கார்லோடு மார்கஸ் கால்நடையாக. கவனியுங்கள், கால் புண்ணானவர்தான் நடக்கும் பக்கம் போனார். லா பாஸில் சந்திக்கலாம் என்று சொல்லிப் பிரிந்தார்கள்.

கொஞ்ச தூரத்திலேயே தெப்பம் ஒரு பாறையில் சிக்கிக்கொண்டது. கெவின் நீந்திக் கரை சேர்ந்தார். அவர் உதவி செய்வதற்குள் தெப்பம் நழுவி, யோசியை இழுத்துக்கொண்டு நீர்வீழ்ச்சியில் விழுந்தது. உயிரோடு ஒதுங்கினார். ஆனால் கெவினைக் காணோம்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் யோசி தனி ஆள். அடித்துக்கொண்டு போன பை ஒன்று அவர் கண்ணில் பட்டதுதான் பெரிய அதிர்ஷ்டம். அதில் கொஞ்சம் அரிசி, பயறு, ஒரு லைட்டர், பூச்சி விரட்டும் ஸ்ப்ரே. பறவை முட்டை, காட்டுப் பழம் என்று கிடைத்ததைத் தின்றார். ஒரு இரவு ஜாகுவார் பக்கத்தில் வந்து நின்றது. லைட்டரைப் பற்ற வைத்து அதன்மேல் ஸ்ப்ரேயை அடிக்க, குபீரென்று தீ எழுந்தது. மிருகம் போய்விட்டது. பெருமழையில் ஆறு கரை புரண்டது. சதுப்பில் புதைந்து மீண்டார். மார்கஸுக்கு வந்த அதே பாதப் புண் இப்போது அவருக்கும் வந்தது.

ஒரு கட்டத்தில், தன்னோடு ஒரு பெண் இருப்பதாகவே மனம் கற்பனை செய்துகொண்டது. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பில் எழுந்து நடந்தார். தனக்காக நடக்கத் தெம்பு இல்லாதபோது இன்னொருவருக்காக நடக்க முடிந்திருக்கிறது. உடன் வந்தவரைச் சுமையாக நினைத்த அதே மனம்தான் இதுவும்.

கெவினை ஐந்தாம் நாள் அந்தப் பகுதி மக்கள் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். அவர் அத்தோடு ஊருக்கு விமானம் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அதிகாரிகளிடம் கெஞ்சி, ஒரு விமானத்தைப் பறக்க வைத்தார். மேலிருந்து பார்த்தால் இலைக்கூரை மட்டும்தான் தெரியும். பயனில்லை. கடைசியில் ருரெனபாக்கே ஊரைச் சேர்ந்த, ஆற்றின் ஒவ்வொரு திருப்பமும் தெரிந்த டிக்கோ என்ற படகோட்டி, மோட்டார் படகில் அவரை ஆற்றை எதிர்த்து ஏற்றிக்கொண்டு போனார்.

மோட்டார் சத்தம் கேட்டபோது ஏதோ வண்டு ரீங்காரம் என்றுதான் யோசி நினைத்தார். தட்டுத் தடுமாறிக் கரைக்கு வந்தபோது, மேலே போக முடியாமல் படகு திரும்பிக்கொண்டிருந்தது. கெவின் பார்த்துவிட்டார்.

கார்லும் மார்கஸும் லா பாஸுக்கு வரவேயில்லை. தேடியும் தடயம் கிடைக்கவில்லை, இன்றுவரை. கார்ல் தேடப்படும் குற்றவாளி என்று ஆஸ்திரியத் தூதரகத்தில் தெரிவித்ததாக யோசி எழுதியிருக்கிறார். ஏமாற்றுக்காரர்தான். ஆனால் ஏமாற்றியவரும் அதே காட்டில்தான் காணாமல் போனார்.

யோசியின் அனுபவம் 2017-ல் 'ஜங்கிள்' என்ற பெயரில் படமாக வந்தது. ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்கிளிஃப்தான் யோசி. புத்தகத்தைப் படித்துவிட்டு முதுகுப் பையோடு ருரெனபாக்கேவுக்கு வந்து இறங்கியவர்கள் ஏராளம். ஒரு புத்தகத்தைப் படித்துக் காட்டுக்குப் போனவரின் புத்தகம், இன்னும் பலரைக் காட்டுக்கு அழைத்தது.

யோசியும் 1990-களில் அங்கே திரும்பிப் போனார். துயிச்சி கரையில் உள்ள சான் ஹோசே தே உச்சுபியாமோனாஸ் கிராமத்து மக்கள் பிழைப்பில்லாமல் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். அவர்கள் சலலான் ஏரிக்கரையில் ஒரு விடுதி கட்ட அவரும் உதவினார். சர்வதேச அமைப்புகளின் நிதியும் கிடைத்தது. 1995-ல் அந்தக் காடு மதிதி தேசியப் பூங்கா ஆனது. இப்போது விருந்தினர்கள் ருரெனபாக்கேவிலிருந்து அதே ஆற்றில் மோட்டார் படகில் போகிறார்கள். படகோட்டுவதும், காட்டுக்குள் கூட்டிப் போய் எது ஜாகுவார் தடம், எந்தப் பழத்தைத் தொடக்கூடாது என்று காட்டுவதும் அந்தக் கிராமத்தில் பிறந்தவர்கள்.